மூன்றாம் நட்சத்திரத்துக்குப் பிறகு சுட்டது

எங்கள் ரொட்டிக் கடையில் நான்கு பலகைகள் உண்டு. நான்கிலும் இருப்பது என் கையெழுத்து. அடுப்பிலிருந்து இறங்கி அரைமணி ஆகாத ரொட்டிக்கு மேலே 'இப்போதுதான்' என்ற பலகை தொங்கும். அரைமணி தாண்டினால் அதை இறக்கிவிட்டுக் 'காலையில் சுட்டது' என்பதை மாட்டுவேன். மத்தியானத்துக்கு மேல் 'இன்றையது'. மறுநாள் விடிந்ததும் மிச்சம் கிடக்கிற அதே ரொட்டிக்கு 'நேற்றையது'.

முன்பெல்லாம் பலகை கிடையாது. வாசலில் நின்று 'தாரி, தாரி' என்று கூவுவதோடு சரி. எபிரேயத்தில் புதுசுக்குத் தாரி என்று சொல்வார்கள். ரொட்டியும் தாரி, பாலும் தாரி, மீனும் தாரி. எங்கள் ஒஃபாகிம் ஊர்க் கடைத்தெருவில் தாரி இல்லாத சரக்கை அந்நாளில் நான் பார்த்ததே இல்லை. மூன்று நாள் ஆன மீன்கூட அங்கே தாரிதான். ஈ மட்டும்தான் உண்மை பேசும்.

எழுத்து எனக்கு நாற்பத்தாறு வயதில் வந்தது. அட்லாஸ் மலையில் எங்கள் ஊரில் பெண்ணுக்கு எழுத்து சொல்லித்தர ஆள் இல்லை. இங்கே வந்த பிறகு நேரம் இல்லை. வாரம் இரண்டு மாலை பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு நடந்தது. ரகெஃபெத் என்று ஒரு பட்டாளத்துப் பெண் சொல்லிக்கொடுத்தாள். ஒருநாள் அவள் கரும்பலகையில் இரண்டு சொல் எழுதினாள். ஒன்று தாரி. இன்னொன்று ரஅனன். கொத்தமல்லிக்கு, காற்றுக்கு, தூங்கி எழுந்த முகத்துக்கு இரண்டாவதைச் சொல்வார்களாம். ரெண்டையும் வைத்து ஒரு வாக்கியம் சொல்லுங்கள் என்றாள். நான் அன்று விடிகாலை நாலு மணியிலிருந்து நின்ற காலில் இருந்தவள்.

"ரொட்டி தாரி. யாகூத் ரஅனன் இல்ல" என்று என் பேரையே வைத்துச் சொன்னேன்.

வகுப்பே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்காமல், நூற்றுக்கு நூறு போட்டாள்.

அதற்கு மறுவாரம் அட்டைப் பெட்டியைக் கிழித்து முதல் பலகையை எழுதினேன். பிறகு முதலாளி ப்ரோஸ்பேர் தஹான் நல்ல மரப்பலகையே நான்கு வாங்கிக் கொடுத்துவிட்டார். நல்ல மனசு என்று சொல்ல முடியாது. 'நேற்றையது' என்று எழுதி வைத்ததும் பழைய ரொட்டி முழுவதும் பத்து மணிக்குள் போய்விட்டது. கறி உருண்டைக்கு ஊறவைக்க, பொடித்து வறுவலுக்குத் தூவ, பெண்களுக்குப் பழசுதான் வேண்டும். பழசென்று தெரிந்து வாங்குகிறவளுக்குக் கோபம் இல்லை. புதுசென்று வாங்கி வீட்டில் போய்ப் பழசென்று கண்டுபிடித்தவள்தான் திரும்பி வந்து கத்துவாள். இரண்டு வருடத்தில் ஊர் என் பலகையைக் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகள்கூட எந்த இடத்தில் எந்தப் பலகை தொங்கும் என்று பழகிவிட்டார்கள்.

பெசாக் பண்டிகையின் ஏழு நாளும் புளித்த மாவும் ரொட்டியும் எங்களவரிடம் இருக்கக் கூடாது. அந்த வருடம் பண்டிகைக்கு முன்பு முதலாளி பெரிய ஐஸ்பெட்டி ஒன்று வாங்கிப் பின்கட்டில் வைத்தார். கடைசியாக மாவு பிசைந்த நாளில் வழக்கத்தைவிட முந்நூறு ரொட்டி கூடச் சுட்டோம். யாருக்கு என்று கேட்டேன். பட்டாளத்துக்கு என்றார். பட்டாளத்து வண்டி வந்ததை நான் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அடுப்பை அணைத்து, மூலை முடுக்கெல்லாம் கூட்டி, மாவு மூட்டை, புளிப்பு, ஐஸ்பெட்டி எல்லாவற்றையும் ஒட்டுக்காகிதம் போட்டு மூடினோம். எங்கள் குரு ரப்பி, வழக்கம்போல் அதையெல்லாம் வேற்று மதத்தவர் ஒருவருக்கு விற்றதாகப் பத்திரம் எழுதினார். பண்டிகை முடிகிறவரை எங்கள் கடையின் மாவுக்கெல்லாம் அபூ சலீம் சொந்தக்காரர். பாலைவனத்துப் பெதூவின் மனிதர். ஊரில் பாதி மாவு அந்த ஏழு நாளும் அவருடையது. அவர் ஒரு பிடிகூட எடுத்துப் பார்த்ததில்லை.

ஏழாம் நாள் சாயங்காலம் நானும் அடுப்புக்கார மக்லூஃப் அண்ணனும் பின்கட்டில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்று நட்சத்திரம் தெரிந்தால் பண்டிகை முடிந்தது. அதற்கு முன்னால் தீக்குச்சி உரசக் கூடாது. அன்றிரவு மிமூனா விருந்து; வீட்டுக்கு வீடு கதவைத் திறந்துவைத்து, தேனும் வெண்ணெயும் வைத்து, வருகிறவருக்கெல்லாம் மெல்லிய அப்பம் சுட்டுக் கொடுப்பார்கள். ஆனாலும் ஏழு நாள் புளிக்காத மாவில் சுட்ட வறட்டு மட்ஸா தின்ற வாய்க்கு ரொட்டி வேண்டும். வருடா வருடம் எங்கள் வாசலில் கூட்டம் நிற்கும். ஒன்பது மணிக்கு மேல்தான் கதவு திறப்போம்.

"ரெண்டாச்சு" என்றார் மக்லூஃப் அண்ணன். "அதோ மூணு."

"அது நகருது அண்ணே. விமானம்."

"நட்சத்திரமும் நகரும்."

"விளக்கு மின்னிக்கிட்டேவா நகரும்?"

தண்ணீர்த் தொட்டிக்கு மேலே மூன்றாவது வந்தது. அவர் ஆசீர்வாதம் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார். மணி ஆறு முப்பத்தைந்து. ஏழு மணிக்கு ரப்பி வீட்டிலிருந்து ஆள் வந்து, திருப்பி வாங்கியாச்சு என்று சொல்லிவிட்டுப் போனார். ஒட்டுக்காகிதத்தைக் கிழித்தேன். நான் மாவு மூட்டையை அவிழ்க்கும்போது முதலாளி ஐஸ்பெட்டியைத் திறந்தார்.

உள்ளே பார்த்தேன். முந்நூறும் அங்கேதான் கிடந்தன, வெள்ளையாய் உறைபனி பூத்து.

"தட்டுல அடுக்கு" என்றார். "அடுப்புல பத்து நிமிசம். ஏழரைக்குக் கதவைத் திறக்கணும்."

"இது பட்டாளத்துக்கில்லையா, முஸ்யூ தஹான்?"

"பட்டாளம்தான் வெளிய நிக்குதே, பாரு."

கதவிடுக்கில் பார்த்தேன். வீதி நிறைய ஜனம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ரொமேனியாக்காரர் ஒருவர் புதுக்கடை போட்டிருந்தார். போன வருடம் அவர் எங்களுக்கு ஒருமணி நேரம் முன்னால் திறந்துவிட்டார். பாதி ஊர் அங்கே போனது. முதலாளிக்கு அது நெஞ்சில் நின்றுவிட்டது.

சரி, அடுக்கினேன். சூடு பண்ணி விற்பது பாவமில்லை. பத்து நிமிடத்தில் ரொட்டிகள் வெளியே வந்தன. மேலோடு மொறுமொறு என்றுதான் இருந்தது. கட்டைவிரலால் ஒன்றை அழுத்தினேன். புது ரொட்டி என்றால் பள்ளம் மெல்ல எழுந்து வந்துவிடும். இதில் விழுந்த பள்ளம் விழுந்தபடி கிடந்தது. மேலோடு மீன் செதில் மாதிரி உரிந்து விரலோடு வந்தது.

முதலாளி அலமாரிக்கு மேலே 'இப்போதுதான்' பலகையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அது வேணாம்" என்றேன்.

"ஏன், கோணலா இருக்கா?"

"இப்போதான் சுட்டது இல்லையே."

"இப்போதான் அடுப்புல இருந்து வந்துச்சு. நீதான எடுத்த?"

"முஸ்யூ தஹான், மதச்சட்டம் பாக்குற செருப்புக்கார ஹனானியா வெளிய நிக்கிறாரு. கையில கடிகாரம் கட்டியிருக்காரு. நட்சத்திரம் வந்து ஒருமணி ஆகல. மாவு பிசைஞ்சு, புளிச்சு, உருட்டி, மறுபடி உப்பி, சுட்டு எடுக்க ரெண்டு மணி நேரம் வேணும். இந்த நேரத்துல 'இப்போதுதான்'னு போட்டா, பண்டிகைக்குள்ளயே பிசைஞ்சுட்டோம்னுதான் நினைப்பாங்க."

அவர் ஒரு நிமிடம் யோசித்தார். யோசித்ததை முகத்தில் பார்த்தேன். பிறகு தோளைக் குலுக்கினார்.

"பசியில நிக்கிறவன் மணி பாக்க மாட்டான். கேட்டா ரப்பியோட பத்திரத்தைக் காட்டுறேன். கோஷேர் சரக்கு, தின்னத் தடையில்ல. அபூ சலீம் பேர்ல இருந்தது."

"கோஷேர்தான். தாரி இல்ல."

"ஆகா! மலைக்காரி எனக்கு எபிரேயம் சொல்லித்தர்றா." மக்லூஃப் அண்ணனைப் பார்த்துக் கண்ணடித்தார். "காஸபிளாங்காவுல எங்க வீட்டுல பிரெஞ்சு பேப்பர் வரும். இவ ஊர்ல கழுதைக்குத்தான் பேர் வச்சிருப்பாங்க."

"எங்க ஊர்க் கழுதையும் பத்துநாள் ரொட்டிய மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கும்" என்றேன்.

மக்லூஃப் அண்ணன் மாவுத் தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது.

முதலாளிக்குச் சிரிப்பு போய்விட்டது. "இங்க பாரு யாகூத். உனக்குச் சம்பளம் அந்தக் கதவு வழியாத்தான் வருது. வீட்டுல ஒருத்தன் இருமிக்கிட்டுப் படுத்திருக்கான். நாப்பத்தொன்பது வயசுல உன்னை யாரு வேலைக்கு எடுப்பா? அந்த ரொமேனியாக்காரனா?"

உண்மைதான். என் கணவர் பாஸ்பேட் சுரங்கத்துத் தூசியை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஆறு வருடமாக ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். பதினெட்டு வருடம் இந்தத் தட்டுகளைத் தூக்கி என் இடுப்பு போயிற்று. வேறு இடத்தில் போய் நின்றால் என்னைப் பார்த்ததும் நாற்காலி போடுவார்கள், வேலை தரமாட்டார்கள். எல்லாம் தெரிந்துதான் நின்றேன்.

"பலகைய இறக்குங்க."

"பலகை என் காசுல வாங்கினது."

"எழுத்து நான் எழுதினது. உங்க கையால எதை வேணா எழுதி மாட்டிக்குங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். இது என் கை. ஊருக்குத் தெரியும் இது என் கைன்னு."

"இறக்கலைன்னா?"

முக்காலியைப் போட்டு ஏறினேன். என் இடுப்புக்கு முக்காலி ஏறுவது லேசான காரியமில்லை. அவர் பிடித்து நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நான் ஏறுவேன் என்று அவர் நினைக்கவே இல்லை. பலகையை இறக்கி, இடுப்பில் கட்டிய ஈரத் துணியால் துடைத்தேன். சுண்ணாம்புக் கட்டியை எடுத்து எழுதினேன். என் எழுத்து மெதுவாகத்தான் வரும். ஒவ்வொரு எழுத்தும் மாவை உருட்டுகிற மாதிரி. 'பண்டிகைக்கு முந்தியது. உறையவைத்தது.' மாட்டிவிட்டுக் கீழே இறங்கிப் போய் நானே கதவைத் திறந்தேன்.

கூட்டம் உள்ளே பாய்ந்து, அலமாரியைப் பார்த்து, பலகையைப் பார்த்து நின்றது. செருப்புத் தைக்கும் ஹனானியா, படிக்கத் தெரியாதவர்களுக்காக உரக்கப் படித்தார்.

எதிர்வீட்டு ஸோஹ்ரா இடுப்பில் கைவைத்தாள். "எத்தனை நாளைக்கு முந்தி?"

"பத்து நாள்" என்றேன்.

"பத்து நாளா? நம்மள்ல செத்தவனைக்கூட அன்னைக்கே அடக்கம் பண்ணிடுறோமேடி!"

சிரிப்பு எழுந்தது. முதலாளி காதுவரை சிவந்தார். ஹனானியா சிரிக்கவில்லை. கடிகாரத்தைத் தட்டிக்கொண்டு கேட்டார்: "ப்ரோஸ்பேர், பண்டிகைக்கு அபூ சலீமுக்கு விக்கப்பட்டதா இது?"

முதலாளி உள்ளே ஓடிப்போய்ப் பத்திரத்தைக் கொண்டுவந்தார். ஹனானியா விளக்குக்கு நேராகப் பிடித்து, முத்திரையைப் பார்த்து, கையெழுத்தைப் பார்த்து, அபூ சலீமின் பெருவிரல் ரேகையையும் பார்த்தார். "சரியா இருக்கு. தின்னலாம்" என்றார். பிறகு, "பலகை இல்லாம இந்தச் சூட்டோட குடுத்திருந்தீன்னா, நான் இந்நேரம் ரப்பி வீட்டு வாசல்ல நின்னிருப்பேன்" என்றார்.

இதைக் கேட்டு முதலாளி மனம் மாறினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். மாறவில்லை. முந்நூறில் நூறு போயிருக்கும். கைக்குழந்தைக்காரிகள் வாங்கினார்கள். மறுநாள் பூங்காவுக்குப் போகிறவர்கள் கறி சுடும்போது கூடவே வாட்டிக்கொள்ளலாம் என்று இரண்டு மூன்று எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்கள், நிஜ ரொட்டி எப்போது என்று கேட்டார்கள். ஒன்பதே கால் என்றேன். சிலர் அப்பத்துக்கு மாவு பிசைய வீட்டுக்குப் போனார்கள். சிலர் ரொமேனியாக்காரர் கடைப்பக்கம் போனார்கள். அதையும் முதலாளி வாசலில் நின்று பார்த்தார்.

பார்த்துவிட்டு உள்ளே வந்தார். "நாளைக்கு நீ வரவேணாம்."

மக்லூஃப் அண்ணன் நிமிர்ந்தார். "முஸ்யூ..."

"நீ மாவைப் பாரு."

"சரி" என்றேன் நான். "ஆனா இப்ப மாவு உப்பிக்கிட்டிருக்கு. அதை விட்டுட்டுப் போகமாட்டேன்."

"இப்பவே போன்னு சொன்னா?"

"இருநூறு உருண்டை உருட்டணும். நீங்க உருட்டுவீங்களா?"

அவர் தம் கைகளைப் பார்த்தார். மோதிரம் போட்ட கைகள். முன்பக்கம் போனார்.

உருட்டினேன். ஏழு நாள் ஓய்வில் கை மறந்துபோயிருக்கும் என்று நினைத்தேன்; இல்லை. மக்லூஃப் அண்ணன் அடுப்பு வாயில் நின்றுகொண்டே முணுமுணுத்தார்: "ஒரு வார்த்தைக்காக ஏன் இப்படி நிக்கிற? அவன் மாட்டினா மாட்டிட்டுப் போறான். உனக்கென்ன?"

"நாப்பத்தாறு வருசம் எனக்கு எழுத்து இல்ல அண்ணே. எவன் என்ன எழுதி நீட்டினாலும் பெருவிரலை வச்சேன். சுரங்கத்துக்காரன் நீட்டின காகிதத்துலயும் வச்சேன். அதுல என்ன இருந்துச்சுன்னு எங்க வீட்டுக்காரர் படுத்ததுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. இப்ப எனக்கு எழுத்து இருக்கு. அதுல பொய் எழுதவா கத்துக்கிட்டேன்?"

அவர் தட்டை வாங்கி அடுப்பில் தள்ளினார்.

ஒன்பது பத்துக்கு முதல் தட்டு வெளியே வந்தது. ஏழு நாளாக அந்தத் தெரு மறந்திருந்த வாசனை கதவைத் தாண்டிப் போயிற்று; வெளியே நின்றவர்கள் வாசலை நெருங்கினார்கள். ஒன்றை எடுத்து அழுத்தினேன். பள்ளம் எழுந்து வந்தது. பலகையைத் துடைத்து, இந்த முறை அழகாக, அவசரமே இல்லாமல், 'இப்போதுதான்' என்று எழுதினேன். அதற்குக் கீழே இடம் மிஞ்சியிருந்தது. 'மூன்றாம் நட்சத்திரத்துக்குப் பிறகு சுட்டது' என்று சேர்த்தேன்.

முதலாளி அலமாரிக்கு முன்னால் வழியை மறித்து நின்றார். நான் நகரச் சொல்லவில்லை. பலகையை நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன்.

வாசலிலிருந்து ஸோஹ்ரா கத்தினாள்: "யாகூத் எழுதினதா அது?"

"நான்தான்."

"அப்ப ஆறு குடு. ப்ரோஸ்பேர், நகரு ஐயா, சூடு ஆறுது!"

அவர் நகர்ந்தார். இருநூறும் அரைமணியில் போயின. வீட்டுக்குப் போகும்போது எனக்கென்று ஒன்று எடுத்துக்கொண்டேன். என் கணவர் அதைப் பிய்த்து, வெண்ணெயும் தேனும் தடவி, வேலை போய்விட்ட கதையைக் கேட்டுக்கொண்டே தின்றார்.

"ரொட்டி நல்லா இருக்கு" என்றார் கடைசியில்.

மறுநாள் நாலு மணிக்கு எழுந்தேன். பழக்கம் என்று சொன்னால் அது பொய். வேண்டுமென்றேதான் எழுந்தேன். தலைத்துணியைக் கட்டிக்கொண்டு, பதினெட்டு வருடம் நடந்த அதே தெருவில் நடந்தேன். மிமூனா முடிந்து ஊர் தூங்கிக்கொண்டிருந்தது. உணவைக் குப்பையில் கொட்ட மனமில்லாமல், குப்பைத் தொட்டிகளின் கைப்பிடியில் மட்ஸா மிச்சங்களைப் பையில் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள்.

கடைக்கதவு பாதி திறந்திருந்தது. அடுப்பு ஏற்கனவே எரிந்துகொண்டிருந்தது. முதலாளி அலமாரியில் எதையோ அடுக்கிக்கொண்டிருந்தார். ஐஸ்பெட்டி ரொட்டிகளில் நேற்றுச் சூடு பண்ணி விற்காமல் போனவை, ஒரு இருநூறு இருக்கும். மேலே ஒரு அட்டை. அவருடைய சொந்தக் கையெழுத்து, பிரெஞ்சுக்காரர் மாதிரி சாய்ந்து கிடந்தது. 'இன்றையது.'

முக்காலியைப் போட்டேன். ஏறினேன். அட்டையை இறக்கித் திருப்பி, பின்பக்கம் எழுதினேன்: 'உறையவைத்தது. நேற்று சூடு பண்ணியது. பொடிக்க, ஊறவைக்க நல்லது.' மாட்டினேன்.

அவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, அவரும் தூங்கவில்லை.

"உன்னைத்தான் நேத்தே நிறுத்திட்டேனே" என்றார்.

"அது நேத்தையது, முஸ்யூ தஹான்." முக்காலியில் நின்றபடியே சொன்னேன். "இன்னைக்கும் சொல்லணும்னா புதுசா சொல்லுங்க. கேட்டுக்கறேன். ஆனா மாவு உருட்டற ஆள் வந்த பிறகு சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். பின்கட்டிலிருந்து மக்லூஃப் அண்ணன் குரல் வந்தது: "யாகூத்! தட்டு எங்கம்மா? மாவு வழியப்போகுது!"

முதலாளி வாயை மூடினார். நான் இறங்குவதற்கு முக்காலியைப் பிடித்துக்கொள்ளவும் இல்லை, தள்ளிவிடவும் இல்லை. நானே இறங்கி, கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.